எங்களுக்கு அங்க என்ன இருக்கு லாத்தா?

வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. நீ கேட்டத முதல்ல திருப்பிச் சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ல. பொண்ணு பொறந்து அஞ்சு நாளாச்சு, ஏழாம் நாள் பேரு வைக்கணும், மாமியார் ஆசியா மரியம்ங்கறாங்க, உங்க வீட்டுக்காரர் ஃபாத்திமாங்கறாரு, இதுல சொர்க்கத்துப் பெண்களுக்குத் தலைவி யாருன்னு வீட்டுல ஒரு பஞ்சாயத்தே நடக்குது. அதோட நீ தனியா கேட்டது, பயான்ல, அதான் மார்க்கப் பிரசங்கத்துல, எப்பப் பாத்தாலும் ஆம்பளைங்களுக்கு ஹூருலீன் ஹூருலீன்னு சொர்க்கத்து அழகிகளப் பத்தியே சொல்றாங்களே, எங்களுக்கு அங்க என்ன இருக்கு லாத்தான்னு.

ரெண்டாவது கேள்விக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்லணும்னா, வீடு. சும்மா சொல்லல, சொர்க்கத்துப் பெண்கள்னு நம்ம யார உசத்தியா பேசறமோ அவங்க கதைல எல்லாம் இந்த வீடு எங்கயாவது வந்து நிக்கும், பொறுமையா படி.

எங்க நன்னி, அதாவது பாட்டி, இந்த ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட்ல பொறந்து வளந்தவங்க, இப்ப அதுக்கு ஷ்வே பொந்தா தெருன்னு பேரு, எனக்கு அந்தப் பேரு இன்னும் வாய்க்கு வரமாட்டேங்குது. 1964ல கடைகள எல்லாம் தேசியமயம் ஆக்குனப்ப பாட்டனார் ஜவுளிக்கடை போச்சு, கடைக்கு மேல இருந்த வீடும் கூடவே போச்சு, சொந்தக்காரங்க பாதிப்பேரு கப்பலேறி தஞ்சாவூர் பக்கம் போயிட்டாங்க, நன்னி மட்டும் நான் வரலன்னு இங்கயே தங்கிட்டாங்க. வாடகை வீடு வாடகை வீடா மாறி மாறி, அஞ்சு நேரத் தொழுகை முடிஞ்சதும் கையேந்தி அரபில ஏதோ முணுமுணுத்துட்டு கடைசில தமிழ்ல "ஒரு வீடு கட்டிக்குடு ரப்பே", இறைவனேன்னு சொல்லி முகத்தத் தடவிக்குவாங்க. நான் ரொம்ப வருஷம் அந்த மொகல் ஸ்ட்ரீட் மாடி வீட்டத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன், அரசாங்கம் எடுத்தத அல்லாஹ் எப்படிக் குடுப்பான்னு ஒரு கவலை வேற. மதரஸால தஹ்ரீம் சூரா படிக்கும்போதுதான் விஷயம் தெரிஞ்சுது, அது எகிப்து மன்னன் ஃபிர்அவ்னோட பொண்டாட்டி கேட்ட துஆ, வேண்டுதல்.

குர்ஆன்ல 66வது சூரா, அதாவது அத்தியாயம், அதுல 11வது ஆயத், வசனம். "ரப்பிப்னி லீ இந்தக பைத்தன் ஃபில் ஜன்னா", என் ரப்பே, உன்கிட்ட எனக்கு சொர்க்கத்துல ஒரு வீடு கட்டு, ஃபிர்அவ்ன்கிட்ட இருந்தும் அவன் செய்கைல இருந்தும் என்னக் காப்பாத்து. குர்ஆன் அவங்க பேரச் சொல்லல, ஆசியான்னு பேரு நபிமொழியான ஹதீஸ்லதான் வருது. ஆத்துல மிதந்து வந்த மூஸா நபிய எடுத்து, இவனக் கொல்லாதீங்க இவன் நம்ம கண்குளிர்ச்சின்னு புருஷன்கிட்ட சொன்னதும் இவங்கதான். யோசிச்சுப் பாரு, எகிப்து முழுக்க ஆண்ட ஒருத்தனோட அரண்மனைல இருக்கற பொம்பள வீடு கேக்கறா. இல்லாதவ கேட்டா சரி, இருக்கறவ கேக்கறா. அப்ப அந்த அரண்மனை அவங்களுக்கு வீடா இல்ல, அவ்ளோதான்.

இதுல தஃப்ஸீர், குர்ஆன் விளக்கம், எழுதுன பெரியவங்க ஒரு நுணுக்கம் சொல்வாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆயத்துல "இந்தக", அதாவது உன்கிட்ட, உன் பக்கத்துலங்கற வார்த்தை முதல்ல வருது, "பைத்தன்", வீடுங்கறது அப்பறம்தான். வீட்டுக்கு முன்னாடி பக்கத்துல யாருன்னு பாத்துட்டாங்க ஆசியா அம்மா. நம்மளும் ரங்கூன்ல வாடகைக்கு ஃப்ளாட் பாக்கப் போனா முதல்ல மேல யாரு கீழ யாருன்னுதான கேக்கறோம். ஈராக் பஸ்ராவுல இருந்த சூஃபி ராபியா அம்மாகிட்ட சொர்க்கத்தப் பத்திக் கேட்டப்ப "முதல்ல அண்டை, அப்பறம் வீடு"ன்னு சொன்னதா கஸ்ஸாலி இமாம் எழுதியிருக்காங்க, அதுவும் இதே பேச்சுதான்.

தமிழ்லயே பாரு, அறம் பொருள் இன்பம் வீடுன்னு அடுக்குவாங்க, கடைசில இருக்கற வீடு செங்கல் வீடு இல்ல, விடுதலை. நம்ம முன்னோருங்க மொழில குடியிருக்கற வீடும் மறுமை வீடும் ஒரே சொல்லு. நன்னிக்கு இலக்கணம் எல்லாம் தெரியாது, ஆனா "வீடு கட்டிக்குடு"ன்னு அவங்க தமிழ்ல கேட்டப்ப ரெண்டும் சேந்துதான் வந்துச்சுன்னு இப்ப தோணுது. சரி விஷயத்துக்கு வரேன்.

அந்த ஆயத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சேத்துப் படிக்கணும். 10வது ஆயத்துல நூஹ் நபியோட மனைவி, லூத் நபியோட மனைவி, புருஷன் நபியா இருந்தும் அவங்களுக்கு அது உதவல. 11ல ஃபிர்அவ்ன் மனைவி, புருஷன் அவ்வளவு பெரிய கொடுமக்காரனா இருந்தும் அவங்களுக்கு அது கெடுதல் ஆகல. 12ல ஈஸா நபியோட தாயார் மர்யம் அம்மா, அவங்களுக்குப் புருஷனே இல்ல. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அல்லாஹ் சொல்றதுல, நீ சொர்க்கத்துக்குப் போறது யாருக்கு வாக்கப்பட்டங்கறத வச்சு இல்லங்கறது பச்சைப் புள்ளைக்கும் புரியும். இதுல இன்னொண்ணு, ஈமான், அதாவது இறைநம்பிக்கை கொண்டவங்களுக்கு உதாரணம்னு சொல்லித்தான் 11வது ஆயத்து ஆரம்பிக்குது, ஈமான் கொண்ட பொம்பளைங்களுக்குன்னு மட்டும் இல்ல. தாடி வச்ச ஆலிம்சாவுக்கும் ஆசியா அம்மாதான் உதாரணம்.

இப்ப உங்க வீட்டுப் பஞ்சாயத்து. நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொல்றாங்க, நபி (ஸல்) ஒரு தடவ தரைல நாலு கோடு போட்டு, இது என்னன்னு தெரியுமான்னு கேட்டாங்க, அல்லாஹ்வும் ரசூலும்தான் அறிவாங்கன்னு எல்லாரும் சொல்ல, சொர்க்கத்துப் பெண்கள்ல சிறந்தவங்க தன் மனைவி கதீஜா, மகள் ஃபாத்திமா, மர்யம், ஆசியான்னு நாலு பேரு சொன்னாங்க. இது முஸ்னத் அஹ்மத்ங்கற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. ஃபாத்திமா நாயகி சொர்க்கத்துப் பெண்களின் தலைவின்னு வர்ற ஹதீஸ் புகாரி தொகுப்புலயே இருக்கு, திர்மிதி தொகுப்புல வர்ற அறிவிப்புல "மர்யமத் தவிர"ன்னும் ஒரு வார்த்தை சேந்து வருது. அதனால மாமியார் சொல்றதும் சரி, வீட்டுக்காரர் சொல்றதும் சரி. நாலு பேருல யாரு முதல்ங்கறதுல இமாம்களுக்குள்ளயே பேச்சு இருக்கு. மர்யம் அம்மாவ நபின்னே சொன்னவங்க இருக்காங்க, இப்னு ஹஸ்மும் குர்துபியும் அப்படி, பெரும்பாலானவங்க அத ஒத்துக்கல. நம்ம ஊரு முகல் ஷியா பள்ளிக்காரங்களக் கேட்டா ஃபாத்திமா நாயகிக்கு மேல யாருமே இல்லம்பாங்க. நபியோட இன்னொரு மனைவி ஆயிஷா நாயகிய எங்க வைக்கறதுங்கறது தனிப் பேச்சு, மத்தப் பெண்களவிட அவங்க சிறப்பு மத்த சாப்பாட்டவிட தரீதுக்கு இருக்கற சிறப்பு மாதிரின்னு ஹதீஸ் இருக்கு. தரீதுன்னா ரொட்டியப் பிச்சுப் போட்டு கறிக்கொழம்புல ஊறவச்சது, அந்தக் காலத்து அரபிங்களுக்கு அதுதான் விருந்து, நமக்கு டான்பவ் பிரியாணி எப்படியோ அப்படின்னு வச்சுக்கோ.

எனக்குக் கேட்டா இந்த வரிசைச் சண்டைய விட அந்த நாலு பேரும் எப்படி எப்படி வாழ்ந்தாங்கங்கறதுதான் முக்கியம், ஏன்னா நாலும் நாலு தினுசு.

கதீஜா நாயகி வியாபாரி. சொந்த முதல், சொந்த சரக்கு, ஆள் வச்சு சிரியா வரைக்கும் அனுப்பி வியாபாரம் பண்ணவங்க, நம்ம சூலியா, தமிழ் முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பொம்பளைங்க பெருமையா சொல்லிக்கலாம். அவங்களப் பத்தி புகாரில வர்ற ஹதீஸ்ல வானவர் ஜிப்ரீல் வந்து நபிகிட்ட சொல்றாங்க, இதோ கதீஜா வர்றாங்க, கைல ஒரு பாத்திரம், அதுல ஆணமோ, அதான் கொழம்போ, சாப்பாடோ குடிக்கறதோ இருக்கு, வந்ததும் அவங்க ரப்புகிட்ட இருந்தும் என்கிட்ட இருந்தும் சலாம் சொல்லுங்க, சொர்க்கத்துல முத்தால ஆன ஒரு வீடு இருக்குன்னு நன்மாராயம், நற்செய்தி, சொல்லுங்க, அதுல சத்தமும் இல்ல களைப்பும் இல்ல. எனக்கு இந்த ஹதீஸ்ல அந்தப் பாத்திரம்தான் கண்ணுல நிக்கும். ரப்போட சலாம் வந்து சேர்ற நேரத்துல அவங்க சோறு எடுத்துட்டு வந்துட்டு இருக்காங்க! அப்பறம் அந்த வீட்டுக்கு சொன்ன ரெண்டு லட்சணத்தப் பாரு, சத்தம் இல்ல, களைப்பு இல்ல. தங்கச் சுவரு வைரக் கதவுன்னு சொல்லியிருக்கலாம்ல. வீட்டு வேலை பாத்த ஒரு பொம்பளைக்கு எது வேணும்னு தெரிஞ்சு சொன்ன மாதிரி இருக்கு. சுஹைலின்னு ஒரு அறிஞர் இதுக்கு வேற விளக்கம் சொல்றாரு, நபி கூப்பிட்டதும் சத்தமில்லாம, வாதாட வச்சுக் களைக்க வைக்காம உடனே ஏத்துக்கிட்டாங்கல்ல, அதுக்குப் பொருத்தமான கூலி இதுன்னு. ரெண்டும் சேந்தே இருக்கட்டும்.

ஃபாத்திமா நாயகி திருகைல மாவு அரைச்சு அரைச்சு கை காச்சுப் போனவங்க. வேலைக்கு ஆள் வேணும்னு வாப்பாகிட்ட கேக்கப் போயி ஆளு கிடைக்காம தஸ்பீஹோட, அல்லாஹ்வத் துதிக்கற வார்த்தைகளோட, திரும்பி வந்தவங்க, படுக்கும்போது 33, 33, 34ன்னு ஓதறமே அது அன்னைக்கு வந்ததுதான். நபி (ஸல்) கடைசி நோவுல படுத்திருந்தப்ப மகளக் கூப்பிட்டு காதுல ஏதோ சொன்னாங்க, அழுதாங்க, மறுபடி ஏதோ சொன்னாங்க, சிரிச்சாங்க. பின்னாடி ஆயிஷா நாயகி கேட்டப்பதான் விவரம் வெளிய வந்துச்சு, நான் மௌத்தாகப் போறேன்னு சொன்னாங்க அழுதேன், குடும்பத்துலயே என்ன முதல்ல வந்து சேர்றது நீதான், சொர்க்கத்துப் பெண்களுக்கு நீதான் தலைவின்னு சொன்னாங்க சிரிச்சேன்னு. ஆறு மாசம்தான், போயிட்டாங்க. சாகப்போறத கேட்டு சிரிச்ச மகள நெனச்சா எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

மர்யம் அம்மாவப் பத்தி உனக்குத் தெரியாதது இல்ல. குர்ஆன்ல பேர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரே பொம்பள அவங்கதான், 34 இடத்துல பேரு வருது, 19வது சூராவுக்கே அவங்க பேரு. ஆனா பிரசவம் எங்க நடந்துச்சு? ஆளில்லாத இடத்துல, ஒரு பேரீச்ச மரத்தடில, வலி தாங்காம "இதுக்கு முன்னாடியே நான் செத்திருக்கக் கூடாதா"ன்னு அழுதாங்கன்னு குர்ஆனே சொல்லுது. அஞ்சு நாளைக்கு முன்னாடி நீ பட்ட வலிய நெனச்சுக்கோ, உனக்குப் பக்கத்துல உம்மா இருந்தாங்க, நர்ஸ் இருந்தாங்க. சொர்க்கத்துல சிறந்த நாலு பேருல ஒருத்தங்களே வலில அப்படிப் புலம்பியிருக்காங்க, அதனால பிரசவ வலில நீ கத்துனத யாராவது ஈமான் குறைவுன்னு சொன்னா காதுல வாங்காத. பிரசவத்துல மௌத்தானவளுக்கு ஷஹீது, அதாவது உயிர்த்தியாகி பதவின்னு ஹதீஸ் இருக்கு. அதே ஹதீஸ்ல இடிபாட்டுல சிக்கி மௌத்தானவங்களும் வர்றாங்க, 2025 மார்ச் 28ல, ரமலான் கடைசி ஜும்ஆ அன்னைக்கு, மண்டலே சகாயிங் பக்கம் நிலநடுக்கத்துல பள்ளிங்க இடிஞ்சு விழுந்தப்ப நாங்க எல்லாம் இந்த ஹதீஸச் சொல்லித்தான் ஒருத்தர ஒருத்தர் தேத்திக்கிட்டோம்.

பேரு தெரிஞ்ச பெரியவங்க கதை இருக்கட்டும். அதா இப்னு அபீ ரபாஹ்ங்கற தன் மாணவர்கிட்ட இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னாங்க, சொர்க்கத்துப் பொம்பள ஒருத்தியக் காட்டட்டுமா, இதோ இந்தக் கருப்பு நிறத்துப் பொம்பளதான். அவங்களுக்கு வலிப்பு நோய். நபிகிட்ட வந்து, வலிப்பு வர்றப்ப என் துணி வெலகிடுது, எனக்காக துஆ செய்யுங்கன்னாங்க. பொறுமையா இருந்தா சொர்க்கம், வேணும்னா குணமாக துஆ செய்யறேன்னு நபி சொன்னாங்க. பொறுத்துக்கறேன், ஆனா துணி வெலகாம இருக்க மட்டும் துஆ செய்யுங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. பேரம் பேசத் தெரிஞ்ச பொம்பள, ரெண்டையும் வாங்கிட்டாங்க! அதே மாதிரி ஆயிஷா நாயகி வீட்டு வாசல்ல ரெண்டு பொண்ணுங்களோட ஒரு ஏழைப் பொம்பள வந்தா, மூணு பேரீச்சம்பழம் கிடைச்சுது, ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு தன்னோடத வாய்க்குக் கொண்டுபோறா, பிள்ளைங்க அதையும் கேக்குதுங்க, ரெண்டாப் பிச்சுக் குடுத்துட்டா. அந்தப் பழத்துக்காகவே அல்லாஹ் அவளுக்கு சொர்க்கத்த உறுதியாக்கிட்டான்னு நபி சொன்னாங்க. உனக்கும் பொண்ணுதான பொறந்திருக்கு.

இனி ஹூருலீன். இருக்கு, குர்ஆன்லயே இருக்கு, இல்லன்னு மழுப்ப வேண்டியதில்ல. 72ங்கற எண்ணிக்கை குர்ஆன்ல இல்ல, திர்மிதில ஒரு ஹதீஸ்ல வருது, பயான்ல அது மட்டும் எப்படியோ எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா அதே குர்ஆன்ல "உங்க மனசு விரும்பறது எல்லாம் அங்க உங்களுக்கு உண்டு"ன்னு 41வது சூராவுல இருக்கு, அதுல ஆம்பள பொம்பள பிரிக்கல. ஆம்பளையப் பத்தியே சொல்லிட்டு இருக்காங்களே எங்களப் பத்தி இல்லையான்னு நீ கேட்ட இதே கேள்விய நபியோட மனைவி உம்மு ஸலமா நாயகி நேரா நபிகிட்டயே கேட்டுட்டாங்க, அப்ப இறங்குனதுதான் 33:35, முஸ்லிம் ஆண்கள் முஸ்லிம் பெண்கள்னு ஆரம்பிச்சு பத்து ஜோடியா அடுக்கிட்டுப் போகும். அதனால கேள்வி கேக்கறது தப்போன்னு நீ கடைசில எழுதியிருந்தியே, அத அழிச்சிடு.

புருஷன் மறுமைலயும் இதே புருஷன்தானான்னு சிரிச்சுக்கிட்டே கேக்கற பொம்பளைங்க நெறய பேரு உண்டு, சிலபேரு சிரிக்காம கேப்பாங்க. ரெண்டு கல்யாணம் ஆனவங்களுக்கு கடைசிப் புருஷன்னு ஒரு கருத்து உண்டு, அபுத்தர்தா (ரலி) மௌத்துக்கு அப்பறம் முஆவியா (ரலி) பெண் கேட்டப்ப அபுத்தர்தாவோட மனைவி உம்முத்தர்தா இதச் சொல்லித்தான் மாட்டேன்னுட்டாங்க. ஆனா சொர்க்கத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி நெஞ்சுல இருக்கற கசப்ப எல்லாம் பிடுங்கிடுவோம்னு அல்லாஹ் சொல்றான், அதனால இங்க இருக்கற மனுஷன அப்படியே அங்க கற்பனை பண்ணிப் பயப்படாதீங்கன்னுதான் நான் சொல்றது. கல்யாணமே ஆகாதவங்களுக்கும், சொர்க்கத்துல துணையில்லாதவங்க யாரும் இல்லன்னு முஸ்லிம்ங்கற ஹதீஸ் தொகுப்புல இருக்கு.

எங்க பக்கத்து ஃப்ளாட்டு பர்மாக்கார அம்மா ஒருத்தங்க, பகோடாவுக்குப் போனா அடுத்த பிறவில ஆம்பளையாப் பொறக்கணும்னு வேண்டிக்குவேன்னு சொல்வாங்க. உங்கள்ல எப்படின்னு ஒருநாள் கேட்டாங்க. நாங்க பொம்பளையாவேதான் போவோம்னேன். கெழவியாவான்னு அடுத்த கேள்வி! அதுக்கும் ஹதீஸ் இருக்கு, கெழவிங்க சொர்க்கத்துக்குப் போக மாட்டாங்கன்னு நபி (ஸல்) ஒரு வயசான அம்மாகிட்ட வெளையாட்டா சொல்லி, அவங்க அழுதுட்டே போக, கெழவியா போக மாட்டாங்க, இளமையாக்கித்தான் அனுப்புவான்னு சொல்லுங்கன்னு ஆள் விட்டாங்க. பர்மாக்கார அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். நம்ம பொம்பளைங்க பகதூர் ஷா தர்காவுக்குப் போறோம், 1862ல மௌத்தான அந்தக் கடைசி மொகலாய பாதுஷாவுக்கும் அவர்கூட நாடுகடத்தப்பட்டு வந்து 1886ல இங்கயே அடங்குன அவர் மனைவி ஜீனத் மஹலுக்கும் ஃபாத்திஹா ஓதறோம், நல்லதுதான், நானும் போவேன். ஆனா இவங்க சொர்க்கவாசின்னு அடிச்சு சொல்றது நம்ம வேலை இல்ல. நபித்தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) மௌத்தானப்ப அல்லாஹ் உங்கள கண்ணியப்படுத்திட்டான்னு உம்முல் அலா அம்மா சொன்னதுக்கு, உனக்கு எப்படித் தெரியும்னு நபியே கேட்டாங்க. நபி பேரு சொன்னவங்களுக்கு உறுதி, மத்தவங்களுக்கு நல்ல எண்ணம், துஆ, அவ்ளோதான்.

பேரு விஷயம்? ஆசியா மரியம்னு ரெட்டப் பேரா வைக்கறது நம்ம தமிழ் முஸ்லிம்ங்க பழக்கம், அழகான பழக்கம், அந்த சூராவுல அடுத்தடுத்த ஆயத்துல வர்ற ரெண்டு பேரும் ஒரே பேருல வந்துடறாங்க. ஃபாத்திமாவ அடுத்த பொண்ணுக்கு வச்சுக்கங்க.

நன்னிகிட்ட ஒருதடவ கேட்டேன், ஏன் நன்னி தினம் இதே துஆன்னு. அவங்களுக்கு நாலு வயசுல ஒரு பையன் காய்ச்சல்ல மௌத்தாயிட்டான். பிள்ளைய இழந்தும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னவங்களுக்கு சொர்க்கத்துல பைத்துல் ஹம்து, அதாவது புகழ் வீடுன்னு ஒரு வீடு கட்டச் சொல்வான் அல்லாஹ்னு ஹதீஸ் வருது. அத வச்சு நன்னி சொன்னாங்க, "அந்த வீடு எனக்கும் பாட்டனாருக்கும் கூட்டு புள்ள, இது எனக்குன்னு தனியா கேக்கறது."

நீ இப்ப நிஃபாஸ்ல, பிரசவத் தீட்டுல இருக்க, நாப்பது நாளு தொழுகை இல்லாம மனசு வெறிச்சோடிக் கெடக்குதுன்னு எழுதியிருந்த. அந்த துஆவ குர்ஆன் ஓதறங்கற நிய்யத்துல, எண்ணத்துல, இல்லாம துஆ கேக்கற நிய்யத்துல இப்பவே ஓதலாம், ஷாஃபி, ஹனஃபி ரெண்டு மார்க்கச் சட்ட வழிலயும் தடை இல்ல. பிள்ளைக்குப் பால் குடுக்கறப்ப ஓது, இந்தகங்கற வார்த்தைய அவசரத்துல முழுங்கிடாத.